“நீ தமிழ்தானே, நீயே கேளு”: தோட்டப்புற கிளினிக்கில் நான் தனியாகக் கற்றுக்கொண்டவை

மருத்துவப் படிப்பின் ஐந்து ஆண்டுகளில் பாலியல் நலம் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டது கொஞ்சம்தான். கொனோரியா, சிபிலிஸ் பற்றிய விரிவுரைகள், கருத்தடை முறைகளின் பட்டியல், தேர்வுக்கு வரும் சில கேள்விகள், அவ்வளவுதான். எந்தக் கிருமிக்கு எந்த ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் என் அப்பா வயதில் இருக்கும் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, வீட்டில் மனைவியோடு உறவு எப்படி இருக்கிறது என்று தமிழில் எப்படிக் கேட்பது? அவர் பதில் சொன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஒருவன் பின்னாலேயே வந்தால் யாரிடம் போவது? இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு ஒரு போஸ்டிங்கும் (கிளினிக்கில் பயிற்சிக்குப் போகும் காலம்), நண்பர்களோடு சேர்ந்து ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக, போகும் வாய்ப்பும், அம்மாவின் வளையல்களும் போயின. மருத்துவமோ, நர்சிங்கோ, பார்மசியோ, எம்.ஏ. எனும் மருத்துவ உதவியாளர் படிப்போ, எதில் இருந்தாலும் சரி, அடுத்து தோட்டப்புறப் போஸ்டிங்குக்குப் போகப்போகும் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். நோயாளிகளின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்த இடம் மலேசியாவின் கீழ்ப்பேராக்கில், தெலுக் இந்தானுக்கும் பீடோருக்கும் இடைப்பட்ட தோட்டப்புறத்தில் ஒரு சிறுநகரம். பெயரைச் சொன்னால் ஆட்களும் தெரிந்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனை. பால்மரம் வெட்டிய தலைமுறை லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்துகொண்டால் போதும் என்பதால், விடியும் முன்பே அங்கிள்மாரும் ஆண்டிமாரும் நம்பர் எடுக்க வந்துவிடுவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள். டாக்டர்களிலும் மிஸ்ஸிகள் எனும் நர்சுகளிலும் தமிழ் பேசுகிறவர் அந்த நேரத்தில் யாருமில்லை. மாணவர்களில் நான் ஒருத்திதான் தமிழ். முதல் நாளே மேற்பார்வை டாக்டர் சொல்லிவிட்டார், தமிழ் நோயாளி என்றால் நீ கேட்டுச் சொல் என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தோட்டப்புறத்தில் நாம் நோயாளியை விசாரிப்பதற்கு முன்னால் அவர் நம்மை விசாரித்துவிடுவார். “எந்த ஊரும்மா? எந்தத் தோட்டம்? அப்பா பேரு என்ன?” இது வெறும் பாசமில்லை. நம் வீட்டு ஆட்களுக்கும் அவருக்கும் எங்காவது தொடர்பு இருக்கிறதா, இங்கே பேசுவது அடுத்த கல்யாணத்தில் காதில் விழுமா என்று பார்க்கிறார். இதற்குக் கோபப்படவோ மழுப்பவோ கூடாது. ஊரைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே, “அங்கிள், இங்க பேசறது எங்க வீட்டுக்குக்கூடப் போகாது, உங்களப் பார்க்கற டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பலர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்திலேயே ஓர் அங்கிள் வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், இனிப்புநீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 11 விழுக்காட்டுக்கு மேல். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவர் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மலாயில் எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஏன் சாப்பிடவில்லை என்று ஒருவரும் கேட்ட அடையாளம் இல்லை. நான் கேட்டேன். அவர் என்னவோ சொல்ல வந்தவர், கதவைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு டாக்டர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அடுத்த நம்பருக்காக நின்றவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். “ஒண்ணுமில்லம்மா, மறந்துடறேன்” என்றார். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். எதையோ மறைக்கிறார், நீ தமிழ்தானே, நீயே கேளு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கட்டுப்போடும் அறை அந்த நேரத்தில் காலியாக இருந்தது. அங்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அங்கிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே பேசினார். “அந்த மாத்திரையப் போட்டதுலேருந்து வீட்டுல ஒண்ணும் முடியலம்மா. சம்சாரம் ஒரு வார்த்த சொல்லல. எனக்குத்தான் அவ மூஞ்சியப் பாக்க முடியல.” பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் ‘ஆண்களுக்கான’ கோப்பிப் பாக்கெட்டை மாதக்கணக்கில் குடித்திருக்கிறார். ஈப்போவில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் லேகியம் வாங்கியிருக்கிறார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். குலை வெட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன பதில் சொல்வது என்று வாயில் ஒன்றும் வரவில்லை. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் அங்கிள் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது கூச்சத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை ஆண்டு படித்தும், இவ்வளவு சாதாரணமான ஒரு குறையைச் சொன்னவருக்கு நான்கு வாக்கியம் ஆறுதலாகச் சொல்ல என்னைத் தயார் செய்யவில்லையே என்ற கோபம்.

அந்த நான்கு வாக்கியம் என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன், நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். இனிப்புநீர் ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுப்பதால் விறைப்புக் குறைவு அந்த நோயாளிகளுக்கு மிகவும் சகஜம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அப்படியென்றால் இந்தக் குறையோடு வாய்திறக்காமல் போகும் அங்கிள்மார் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள். சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளாலும், குறிப்பாகச் சிறுநீர் பிரிக்கும் வகை, பழைய பீட்டா பிளாக்கர் வகைகளாலும் இது வரலாம். மாற்று மாத்திரை இருக்கிறது. ஆனால் தானாக நிறுத்தினால் பக்கவாதம்கூட வரலாம். இந்தக் குறை, இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தலைகாட்டும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அதனால் இது ‘படுக்கையறை விஷயம்’ என்று தள்ளிவிடக் கூடியதில்லை. கோப்பிப் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும். அப்படிப்பட்ட பாக்கெட்டுகள் பலவற்றில் விறைப்புக்கான மருந்துகளான சில்டெனாஃபில், டடாலாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் அப்படியே விழுந்து உயிரே போகலாம். முறையாகப் பதிவான மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லிக்கொடுங்கள். அந்த அங்கிளுக்கு மாத்திரை மாற்றப்பட்டது. அடுத்த முறை வந்தபோது சர்க்கரையும் இறங்கியிருந்தது.

அங்கிருந்துதான் என் சிரமம் தொடங்கியது. அவரிடமிருந்து உண்மையை வரவழைத்துவிட்டேன் என்று தெரிந்ததும், கூச்சமான விஷயம் எல்லாம் என்னிடமே அனுப்பப்பட்டது. வெள்ளைப்படுதல், பிள்ளை இல்லாதது, புருஷன் வேறு வீடு வைத்திருப்பது, ஆணோடு உறவில் இருக்கும் இளைஞனின் பயம், எல்லாமே. அந்த இளைஞனைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். நம் குற்றவியல் சட்டத்தில் இப்படிப்பட்ட உறவை ‘இயற்கைக்கு மாறானது’ என்று குற்றமாக்கும் 377ஏ பிரிவு இருப்பதால், உண்மையைச் சொன்னால் போலீசுக்குப் போய்விடுவார்களோ என்று அவன் நடுங்கிக்கொண்டு வந்தான். கல்யாணம் ஆயிடுச்சா, மனைவிக்கு ஏதாவது இருக்கா என்று அதற்கு முன் அவனைக் கேட்டவர்களிடம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ‘மனைவி’, ‘கணவர்’ என்று நாமாக முடிவு கட்டாமல், “துணை யாராவது இருக்காங்களா? ஆணா, பெண்ணா, ரெண்டுமா? எல்லாரையும் இப்படித்தான் கேப்பேன்” என்று கேட்டால் போதும். பெயர் கொடுக்காமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளும் வசதி அரசாங்க கிளினிக்குகளில் உண்டு என்று சொன்னபோதுதான் அவன் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

இத்தனை பேர் கதையையும் கேட்டுவிட்டு இறக்கிவைக்க எனக்கு ஓர் இடமில்லை. கல்லூரியில் யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. வீட்டில் சொல்ல முடியாது, ரகசியம். சொல்ல முடிந்தாலும் சொல்லமாட்டேன், கல்யாணமாகாத பெண் இதையெல்லாமா பேசுகிறாள் என்று பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இரவில் தூக்கம் போனது.

அப்புறம்தான் அந்த ஆள் வந்தான். முப்பதுகளில் இருப்பவன், சிறுநீர்க்குழாயில் சீழ் வருகிறது என்று வந்தான். வழக்கம்போல என்னைக் கேட்கச் சொன்னார்கள். அறையில் நானும் அவனும் மட்டும்தான். கேட்கவேண்டியதைக் கேட்டேன். பதிலுக்குப் பதில் அவன் என்னைக் கேட்கத் தொடங்கினான். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், அனுபவமா என்றான். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் செய்தி. என் நம்பரை நான் கொடுக்கவில்லை. கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாணவர்களின் டியூட்டி அட்டவணை ஒட்டியிருந்தது, பெயரும் கைப்பேசி எண்ணும் சேர்த்து. மருந்துக்கு வரிசையில் நின்றவன் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். முதலில் சந்தேகம் கேட்பதுபோல வந்தது, பிறகு படங்கள் வந்தன. தடுத்தால் வேறு நம்பரிலிருந்து வந்தது. ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் மோட்டாரை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சின்ன ஊர், நான் வாடகைக்கு இருந்த வீடு எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்.

போஸ்டிங் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். “இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டா அப்படித்தான் நடக்கும்” என்று பதில் வந்தது. கேட்கச் சொன்னதே அவர்கள்தான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு எனக்குக் கிளினிக் வாசலை மிதிக்கவே முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வருகை விழுக்காடு குறைந்தது, போஸ்டிங்கைத் திரும்பச் செய்யவேண்டும் என்று கடிதம் வந்தது. பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடனில் வரும் காசு அந்த நீட்டித்த காலத்துக்கு வராது. வீட்டு வாடகை, கட்டணம், புது சிம், பஸ், எல்லாம் சேர்த்து நான்காயிரம் வெள்ளிக்கும் மேல் ஆனது. அப்பா தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்தார், அம்மா வளையல்களை அடகுக்கடையில் வைத்தார். ஏன் தாமதம் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தோம். உண்மையைச் சொல்ல அம்மாவுக்கே நா எழவில்லை. என்மேல் எந்தத் தப்பும் இல்லாத ஒரு விஷயத்தை மறைத்து வைக்கவேண்டி வந்ததுதான் காசு போனதைவிட வலித்தது.

இந்த நிலைமை உங்களுக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். செய்திகளை அழிக்காதீர்கள், தேதியும் நம்பரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பிவையுங்கள். வாயால் புகார் சொன்னதோடு விடாமல், அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். 2022-ல் வந்த பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது சட்டம் 840, இப்படிப்பட்ட தொல்லைக்குத் தனியாக ஒரு நடுவர் மன்றத்தை அமைத்திருக்கிறது. அது 2024 முதல் புகார்களை ஏற்கிறது, 250,000 வெள்ளி வரை இழப்பீடு தர உத்தரவிடலாம். 2023-ல் குற்றவியல் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவைச் சேர்த்து, விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதையும் குற்றமாக்கிவிட்டார்கள். போலீசில் புகார் கொடுக்கலாம். யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் தாலியான் காசே எனும் அரசாங்க உதவி எண் 15999-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். முதல் வேலையாக, உங்கள் கைப்பேசி எண் எந்தச் சுவரிலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளி முடிவு தெரிந்துகொள்ள நம்பர் கேட்டால் கிளினிக்கின் எண்ணை மட்டும் கொடுங்கள். ஆண் நோயாளியின் பாலியல் விவரம் கேட்கும்போதும் உடல் பரிசோதனையின்போதும் ஒரு மிஸ்ஸியோ எம்.ஏ.வோ அறையில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். மாணவனாக இருந்து பெண் நோயாளியைப் பார்ப்பவருக்கும் இது பொருந்தும். ரகசியம் காக்கத்தான் கதவைச் சாத்துகிறோம், ஆனால் உள்ளே தனியாக மாட்டிக்கொள்ளக்கூடாது.

போஸ்டிங்கைத் திரும்பச் செய்தபோது வேறு கிளினிக் கேட்டேன். கிடைக்கவில்லை, ஆனால் பாதி நாட்களைப் பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கும் சின்ன கிளினிக்கில் கழிக்க அனுமதி தந்தார்கள். அங்கேதான் அந்த மிஸ்ஸியைச் சந்தித்தேன். தமிழ்தான், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் பிரசவத்தைப் பார்த்தவர். எனக்குக் கல்லூரி கற்றுத்தராததை அவரிடம்தான் கற்றேன். அவர் ரத்த அழுத்தம் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். அளக்கும்போது பேசமாட்டார், பேசினால் எண் தப்பாக வரும். அளந்து முடித்துப் பட்டையைக் கழற்றுவார். அதை மெதுவாகச் சுருட்டுவார், குழாயை ஒழுங்குபடுத்துவார், கண் அதிலேயே இருக்கும். அப்போதுதான் கேட்பார். “பசி எப்படி? தூக்கம் வருதா? ரெண்டு பேரும் ஒண்ணாப் படுக்கறதுல ஏதும் வலி, கஷ்டம் இருக்கா? இந்த வயசுல நெறைய பேரு சொல்றாங்க, அதான் கேக்கறேன்.” கேட்டுவிட்டு உடனே நிமிர்ந்து பார்க்கமாட்டார், பட்டையைப் பெட்டியில் வைக்கும் நேரத்தைப் பதிலுக்கு விட்டுவிடுவார். முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்காதவர்கள், அந்த இடைவெளியில் பேசினார்கள். எனக்கு அது பெரிய பாடம். கேள்வியைத் தனியாகத் தூக்கி நிறுத்தாமல் பசி, தூக்கத்தோடு சேர்த்து வைப்பது, நிறைய பேருக்கு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுவது, அப்புறம் சும்மா இருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம். மாணவர்கள் பதற்றத்தில் நாமே பேசி அந்த அமைதியை நிரப்பிவிடுவோம்.

அப்படித்தான் ஓர் ஆண்டி பேசினார். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆனவர், கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரச்சொன்னால் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தவர். சோம்பேறி என்று பதிவு. கேட்டால், உறவின்போது உயிர் போகிற வலி, பரிசோதனைக் கருவியும் அப்படித்தான் இருக்கும் என்று பயந்து வராமல் இருந்திருக்கிறார். புருஷனிடம் சண்டை போடுவதற்குச் சாக்குத் தேடித் தினமும் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தார். ஹார்மோன் குறைவதால் பெண்ணுறுப்பு உலர்ந்துபோவதுதான் காரணம், அதற்கு வழவழப்புக் களிம்பு கடையிலேயே கிடைக்கும், போதவில்லையென்றால் டாக்டர் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவார் என்று மிஸ்ஸி சொன்னபோது, “இதுக்கு மருந்து இருக்கா?” என்று கேட்டுவிட்டு அழுதார். இந்த வயதில் இதையெல்லாம் கேட்பதா என்று நாம் விட்டுவிடுகிறோம். அறுபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் இந்தக் கேள்வி உண்டு. கேளுங்கள்.

பிள்ளைகளிடம் பேசுவது வேறு. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பாட்டியோடு வயிற்றுவலி என்று வந்தாள். பாட்டியை வெளியே உட்காரச் சொன்னதும், “அக்கா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள். மிஸ்ஸி அதற்குள் குறுக்கிட்டு, “நீ சொல்றத ஊர்ல யாருக்கும் சொல்லமாட்டோம். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உன்னக் காப்பாத்த சில பேர்கிட்ட சொல்லியே ஆகணும். அத உங்கிட்ட மறைக்கமாட்டோம்” என்றார். அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 16 வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணோடு உறவு, அவள் சம்மதித்திருந்தாலும், சட்டப்படி வன்புணர்ச்சிதான். பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானதாக டாக்டர் நம்பினால், 2001 சிறுவர் சட்டப்படி சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 2017-ல் வந்த சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. சத்தியம் செய்துவிட்டால் பிறகு அதை மீறவேண்டி வரும், அந்தப் பிள்ளை அடுத்த பெரியவரை நம்பவே நம்பாது. இதை மாணவர் தனியாகக் கையாளவும் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென ஓ.எஸ்.சி.சி. என்ற பிரிவு இருக்கிறது, 1994-ல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க வந்தது. டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி எல்லாரும் அந்தப் பிள்ளையிடம் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

பிறகு நானாகத் தேடிப் படித்ததில் மிகவும் உதவியது பிளிசிட் என்ற முறை. ஜாக் ஆனன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976-ல் எழுதியது. நான்கு படி: பேச அனுமதி தருவது, அளவான தகவல் சொல்வது, அவருக்கென்று குறிப்பான ஆலோசனை தருவது, தேவைப்பட்டால் நிபுணரிடம் தீவிர சிகிச்சைக்கு அனுப்புவது. இதைப் படித்தபோது எனக்குப் பாதிச் சுமை இறங்கியது. ஏனென்றால் மாணவரின் வேலை முதல் இரண்டு படிகளோடு முடிந்துவிடுகிறது. நான் எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்லவேண்டும் என்று நினைத்துத்தான் அத்தனை பயந்தேன். பேச இடம் கொடுத்து, இது நோய், இதற்கு வழி உண்டு என்று சொல்லி, டாக்டர் கையில் ஒப்படைத்தால் போதும். உலக சுகாதார நிறுவனமும் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பாலியல் நலம் பற்றிச் சுருக்கமாகப் பேச ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆண்களிடம் கேட்க ஐ.ஐ.இ.எஃப்-5 என்ற ஐந்து கேள்வித் தாள் இருக்கிறது, மலாய் வடிவமும் உண்டு. மொத்தம் 25-ல் 21-ம் அதற்குக் கீழும் வந்தால் குறை இருக்கிறது என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூசுகிறவர் தாளில் வட்டம் போட்டுவிடுவார்.

ஆனால் தாளும் முறையும் வாய்க்கு வராது. உறுப்புகளின் பெயர், விறைப்பு, விந்து, சுய இன்பம், ஆணுறை, வாய்வழி உறவு, இவற்றையெல்லாம் உங்கள் சொந்த வாயால், சத்தமாக, தமிழில் சொல்லிப் பழகவேண்டும். நானும் என் தோழியும் வாடகை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர் என்று மாறி மாறிப் பேசினோம். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றது, அப்புறம் முகம் மாறாமல் கேட்க வந்தது. தோட்டத்து ஆட்கள் புத்தகத் தமிழும் பேசமாட்டார்கள், பச்சையாகவும் பேசமாட்டார்கள், ஜாடையாகத்தான் சொல்வார்கள். ஜாடையைப் புரிந்துகொண்டு, “நீங்க சொல்றது இதுதானே?” என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூட வந்த மகளையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருமகள் முன்னால் மாமனார் என்ன சொல்வார்?

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். தமிழ் மாணவர் இருக்கிறார் என்பது கிளினிக்குக்கு வசதிதான், ஆனால் அவர் படிக்க வந்தவர். மொழிபெயர்ப்பாளர் வேலையையும் ஆலோசகர் வேலையையும் சேர்த்துச் சம்பளமில்லாமல், பாதுகாப்பில்லாமல் அவர் தலையில் கட்டக்கூடாது. நிலையம் நிலையமாகப் போய்ச் செய்துகாட்டும் ஓஸ்கி செய்முறைத் தேர்வில் பாலியல் விவரம் கேட்பதற்கென ஒரு நிலையத்தை வைத்து, நோயாளியாக நடிப்பவரைத் தமிழிலும் மலாயிலும் பேசவைத்தால், மாணவர்கள் தானாகவே பழகிக்கொண்டு வருவார்கள். எல்லை மீறிப் பேசும் நோயாளியை எப்படி நிறுத்துவது என்பதையும் அந்தப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கவேண்டும். “இந்தக் கேள்வி உங்க சிகிச்சைக்காக. என்னப் பத்திப் பேசினா இதோட நிறுத்திட்டு வேற ஆள அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துவர மாணவருக்கு முழு உரிமை உண்டு என்று யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருந்தால், அன்று அந்த அறையிலிருந்து நடுங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கமாட்டேன்.

இப்போது நான் ஹவுஸ்மேன். என்னைவிட இளையவர்கள் போஸ்டிங்குக்குப் போகும் முன் என்னிடம் கேட்கும்போது, முதல் நாளே மேற்பார்வையாளரிடம் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள் என்கிறேன். பாலியல் விவரம் கேட்க எந்த அறையைப் பயன்படுத்தலாம், கதவு சாத்த முடியுமா? கூட இருக்கப்போவது யார்? நோயாளியால் எனக்குத் தொல்லை வந்தால் யாரிடம் சொல்லவேண்டும், அவர் இல்லாத நாளில் யாரிடம்? கனமான கதை கேட்ட அன்று என்னோடு உட்கார்ந்து பேசப்போவது யார்? கேட்டுவிட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராதவரை, “நீ தமிழ்தானே, நீயே கேளு” என்று யாராவது சொன்னால், “நான் கேட்கிறேன் டாக்டர், நீங்களும் அறையில் இருங்கள்” என்று சொல்லுங்கள்.